எடைக்குப் போன கதவு

விடிந்தும் விடியாத நேரம். பாண்டியம்மாள் கொல்லையில் கோழிக்கூட்டுக்கு முன்னால் குனிந்து நின்றாள். என் மனைவி எதற்கும் அவ்வளவு நேரம் குனிந்து நிற்பவள் இல்லை. வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடி நான் கிட்டே போனேன்.

அடையில் இருந்த செவலைக் கோழி செத்துக் கிடந்தது. கழுத்தில் கடி. கீரியின் வேலை.

கோழி இடத்தை விட்டு நகரவில்லை. இறக்கை இரண்டும் விரித்தது விரித்தபடி இருந்தன. தூக்கினால் அடியில் முட்டைகள். பதிமூன்று வைத்திருந்தோம். இரண்டு உடைந்துவிட்டன. பதினொன்று முழுசாக இருந்தன. தொட்டுப் பார்த்தேன். சூடு ஆறவில்லை.

"ஓடியிருக்கலாம். ஓடல பாருங்க" என்றாள் பாண்டியம்மாள்.

பிறகு கூட்டு வாசலில் தொங்கிய சாக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பதிமூன்று நாள்.

சாக்கு தொங்கிய காரணம்

சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது.

எனக்குப் பழைய இரும்புக் கடை. காரைக்குடிக்கு வெளியே, சாக்கோட்டை போகிற ரோட்டில். முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் கொல்லை. எது கடைச் சரக்கு, எது வீட்டுச் சாமான் என்று வெளியாளுக்குத் தெரியாது. சில நேரம் எனக்கும் தெரியாது.

கோழிக்கூட்டுக்குக் கம்பிவலைக் கதவு ஒன்று இருந்தது. திறந்தால் கீச்சென்று கத்தும். "காதைக் குத்துது, எண்ணெய் போடுங்க" என்று பாண்டியம்மாள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் கதவைக் கழற்றினேன். கடை வாசலுக்குக் கொண்டுவந்து சாய்த்து வைத்தேன். எண்ணெய்க் குப்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது லோடு லாரி வந்துவிட்டது.

லோடு ஏற்றும்போது என் கை என்னைக் கேட்காது. தகரம் ஒரு பக்கம், வார்ப்பு ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம். கண்ணில் படுவதெல்லாம் இரும்பு. என் கையாலேயே அந்தக் கதவைத் தூக்கி லாரியில் கொடுத்திருக்கிறேன். லாரி போய் அரைமணி கழித்து எண்ணெய்க் குப்பி கிடைத்தது. கதவு இல்லை.

"நாளைக்கு வேற கதவு போட்டுர்றேன்" என்றேன். வாசலில் ஒரு சாக்கைக் கட்டினேன். பறக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று நாலு நாள் ஓடிவிட்டது. ஐந்தாம் நாள் கீரி வந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்த ஒருவர் கடைக்கே வந்து கேட்டார், "இத்தனை வருஷத்தில் தெரியாமல் எடைக்குப் போட்ட பொருள் ஏதாவது உண்டா?" என்று. அப்போது பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

மடியில் பதினொன்று

சத்தம் கேட்டு மகள் கவிதா வந்தாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. கோழியைப் பார்த்து அழுதாள். முட்டைகளைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, ஆற விடாதீங்க. துணியில சுத்துங்க."

"தாய் போச்சு. இனிமே எல்லாம் கூமுட்டைதான்டி."

"இல்லம்மா. ஒன்பது நாள் ஆச்சு. உள்ள உசிரு இருக்கும்."

பாண்டியம்மாள் கொடிக்குக் கையை நீட்டினாள். என் பழைய வேட்டியைக் கிழித்தாள். பதினொன்றையும் அதில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்கட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். முந்தானையை மேலே போட்டு மூடினாள். அன்று காலை அடுப்பு பற்றவில்லை.

கவிதா கடைக்குள் ஓடினாள். துணிக்கடையிலிருந்து வந்த அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து வந்தாள். சாமான் அறையின் இருட்டில் உட்கார்ந்து, செல்போன் விளக்கைக் குழாயின் ஒரு முனையில் வைத்தாள். மறுமுனையில் முட்டையை வைத்தாள்.

"அப்பா, வந்து பாருங்க."

பார்த்தேன். முட்டை விளக்குப் போலச் சிவந்திருந்தது. உள்ளே நரம்பு நரம்பாக ஓடியது. நடுவில் ஒரு கரும்புள்ளி. அது அசைந்தது.

கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவன் நான். முட்டைக்குள் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டு முட்டையில் ஒன்றுமில்லை, வெறும் வெளிச்சம். அவற்றை ஒதுக்கினோம். ஒன்பது மிச்சம்.

"நாம பொரிக்க வைப்போம்பா" என்றாள்.

"எதை வச்சு?"

"கடையில இல்லாததா?"

அது நான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிற வார்த்தை. எனக்கே திருப்பிக் கொடுத்தாள்.

காந்தத்தில் ஆரம்பித்தது

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் போகவில்லை. இரும்பா இல்லையா என்று பார்க்கக் காந்தம் வைப்பேன். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளை, செம்பு, அலுமினியம். என் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

கவிதாவுக்கு ஆறு வயது இருக்கும்போது பொம்மை கேட்டாள். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றிக் கொடுத்தேன். கயிறு கட்டிக் கொல்லை மண்ணில் இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது காந்தத்துக்குக் கறுப்பு மயிர் முளைத்திருந்தது.

"அப்பா, மண்ணுக்குள்ள இரும்பு இருக்கு!"

"இருக்கட்டும். அதையெல்லாம் எடைக்கு எடுக்க மாட்டாக."

அப்படியும் அரை டம்ளர் சேர்த்தாள். காகிதத்தில் பரப்பி அடியில் காந்தத்தை நகர்த்தினாள். தூள் எழுந்து நின்று அணிவகுத்தது. கடைக்கு வந்த ஆட்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கென்று ஒரு மூலை ஒதுக்கினேன். மிக்ஸி மோட்டார், கேமரா கண்ணாடி, கடிகாரத்துப் பல்சக்கரம். பெரிய வீடுகளைக் காலி செய்யும்போது வரும் வண்ணக் கண்ணாடித் துண்டுகள். எல்லாம் அந்த மூலைக்குப் போகும்.

ஒருமுறை பிவிசி குழாயில் இரண்டு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, சுவருக்கு மேலே பார்க்கிற கருவி செய்தோம். இரண்டு நாளில் பாண்டியம்மாள் பிடுங்கி வைத்துவிட்டாள்.

"அடுத்த வீட்டு அடுப்படியைப் பாக்குறா. நல்லாவா இருக்கு?"

சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, "என்னடி குழம்பு அங்க?" என்று கேட்டாள்.

எல்லாம் பலித்தது என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் இறைக்கச் செய்த காற்றாடி சுற்றவே இல்லை. ஆனால் அவையெல்லாம் விளையாட்டு. தோற்றால் மறுபடி மூலைக்குப் போகும். இந்தத் தடவை பாண்டியம்மாள் மடியில் ஒன்பது உயிர் இருந்தது. அந்த உயிர்கள் தாயில்லாமல் போனதற்குக் காரணம் நான்.

மீன் பெட்டி

மீன் மார்க்கெட்டிலிருந்து வந்த தெர்மோகோல் பெட்டி ஒன்று கிடந்தது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். வாடை போகவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை வந்து உட்கார்ந்துகொண்டது. மீனா முட்டையா என்று அதற்கே குழப்பம்.

ஆத்தங்குடியில் தரைக்குப் போடும் பூக்கல் வார்ப்பது கண்ணாடிப் பலகையின் மேல்தான். அந்தக் கண்ணாடி மூலை உடைந்தால் என்னிடம் வரும். அதில் ஒன்றை அறுத்துப் பெட்டி மூடியில் பதித்தேன். உள்ளே பார்க்க ஜன்னல் ஆயிற்று. டேபிள் ஃபேனின் கம்பிக் கூண்டைக் கவிழ்த்து உள்ளே பொருத்தினோம். அதன் மேல் துணி. துணி மேல் முட்டை. கூண்டுக்கு அடியில் கனமாக மணல், ஓரம் பெயர்ந்த ஒரு பீங்கான் தட்டு. அதில் தண்ணீர்.

"தண்ணி எதுக்கு?"

"காத்து காய்ஞ்சு போச்சுன்னா ஓட்டுக்குள்ள இருக்கிற சவ்வு இறுகிரும்பா. குஞ்சு உடைக்க முடியாது."

சூட்டுக்குக் குண்டு பல்பு. இப்போது அது யார் வீட்டிலும் இல்லை. கடையில் ஏழெட்டு கிடந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று எரிந்தது.

சிக்கல் இனிமேல்தான். பல்பு எரிந்துகொண்டே இருந்தால் முட்டை வெந்துவிடும். அணைந்தால் ஆறிவிடும்.

கவிதா கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு, "அப்பா, செத்துப்போன இஸ்திரிப்பெட்டி ஒண்ணு கொடுங்க" என்றாள்.

இஸ்திரிப்பெட்டிக்குள் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. இரண்டு உலோகத்தை ஒட்டி வைத்த தகடு. சூடு ஏறினால் வளையும். வளைந்தால் கரண்ட் அறுந்துவிடும். ஆறினால் நிமிர்ந்து மறுபடி ஒட்டும். எத்தனையோ பெட்டியை உடைத்து நான் தூக்கிப் போட்ட தகடு அது. அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். கம்பிகளை முறுக்கி டேப் சுற்றும் வேலையை நான் செய்தேன். திருகாணியைத் தளர்த்தித் தளர்த்திப் பார்த்தோம்.

டிக். பல்பு அணைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டிக். எரிந்தது.

என் மச்சினன் முருகேசன் அப்போது வந்து சேர்ந்தான். பாண்டியம்மாளின் தம்பி. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு முட்டை என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான்.

"என்ன மச்சான், பல்பு போட்டு அவிக்கிறீகளா? என்கிட்ட கொடுத்திருந்தா ரெண்டு நிமிஷத்துல ஆம்லெட் ஆயிருக்கும்."

"போடா மாப்ள."

"குஞ்சு வந்துச்சுன்னா சொல்லுங்க. என் கடை வாசல்ல நின்னு மூணு தடவை கொக்கரிக்கிறேன்."

"மாமா, பேச்சு மாறக் கூடாது" என்றாள் கவிதா.

"மாற மாட்டேன்டி. குஞ்சு வந்தாத்தானே!"

வாசற்படியிலிருந்து பாண்டியம்மாள் எழுந்தாள். ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு தன் கையாலேயே பெட்டிக்குள் அடுக்கினாள். ஒன்பது.

காய்ச்சல் பார்க்கிற குழாய்

முட்டைக்கு நூறு டிகிரி வேண்டும், அதாவது லேசாகக் காய்ச்சல் அடிக்கிற ஆள் உடம்புச் சூடு என்றாள் கவிதா. எங்களிடம் இருந்தது காய்ச்சல் பார்க்கிற பாதரசக் குழாய்தான். அதையே உள்ளே வைத்தோம். நூறு காட்டியது. சாயங்காலம் பார்த்தேன், நூறு. மறுநாள் காலை, நூறு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு இம்மி நகரவில்லையே.

கவிதாதான் கண்டுபிடித்தாள்.

"அப்பா, இது ஏறும். இறங்காது. டாக்டர் உதறிட்டுத்தானே வாயில வைப்பாரு?"

உதறி வைத்தாள். தொண்ணூற்றாறு.

திருகாணியை இறுக்கினேன். உதறி வைத்தோம். தொண்ணூற்றெட்டு. மறுபடி இறுக்கினேன். நூறு. அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம் உதறிவிட்டுத்தான் பார்த்தோம்.

கவிதா ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டாள். கோழி அலகால் உருட்டிவிடுவது போல் மூன்று வேளையும் நாங்கள் திருப்பிவிட வேண்டும். காலையும் மாலையும் அவள். மதியம் நான். இரும்பைத் தூக்கி எறிகிற கை. அந்த வேலைக்கு மட்டும் கழுவித் துடைத்துக்கொண்டு போவேன்.

பாண்டியம்மாள் என்னோடு பேச வேண்டியதெல்லாம் கவிதா வழியாக வந்தது.

"உங்க அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"அப்பா, சாப்பிட வாங்களாம்."

"கேட்டுச்சு. வர்றேன்னு சொல்லு."

"வர்றாகளாம்மா."

மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு விஷயம் நடந்தது. பெட்டியில் டிக் சத்தம் கேட்கவில்லை. பல்பு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. உதறி வைத்துப் பார்த்தேன், நூறுக்குக் கீழே. பல்பு எரிகிறது, சூடு ஏறவில்லை. திருகாணி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சரியாகிவிட்டது. டிக். அதற்குப் பிறகு டிக்குக்கும் டிக்குக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது. ஏன் என்று புரியவில்லை. ஓடுகிற வண்டியைப் பிரிக்கக் கூடாது. விட்டுவிட்டேன்.

இடி

ஐப்பசி மழை. பெட்டி வைத்து எட்டாம் நாள் விடியும்போதே வானம் பிய்த்துக்கொண்டது. பள்ளிக்கூடம் லீவு. ஒரு இடி விழுந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. கரண்ட் போய்விட்டது.

குடையோடு போன ஒருவர் தெருவிலிருந்து கத்தினார்: "டிரான்ஸ்பார்மர் போச்சு! சாயங்காலம் ஆகும்!"

வீட்டில் எட்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த டிக் சத்தம் நின்றுவிட்டது. அந்த அமைதி பிடிக்கவில்லை.

நான் சாக்குகளை எடுத்துப் பெட்டியை மூடினேன்.

"ஓட்டையை அடைக்காதீங்கப்பா. மூச்சு விடணும்" என்றாள் கவிதா. அவள் முகம் வெளுத்திருந்தது.

வெளியே குளிர்க் காற்று. சாயங்காலம் வரை தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. பாண்டியம்மாள் அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பெட்டிப் பக்கம் பார்க்கவில்லை. வானத்தைத்தான் பார்த்தாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கவிதா குழாயை உதறி வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். மறுபடி உதறி வைத்தாள்.

"அப்பா, தொண்ணூத்தொன்பது இருக்கு."

"சரியாப் பாரு."

"பாத்துட்டேன். இந்நேரம் ரொம்ப இறங்கியிருக்கணுமே."

மூடியைத் திறந்தாள். கூண்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். முகம் மாறியது.

"இங்க என்னமோ இருக்கு. சுடுது."

மணலுக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். ஐந்து கிலோ இரும்பு எடைக்கல்.

மின்தராசு வந்த பிறகு அந்தக் கற்களுக்கு வேலை போய்விட்டது. ஊரை எடை போட்ட கல் எல்லாம் எடைக்கு வந்து என் கடையில் கிடந்தன. ஆனால் பெட்டிக்குள் நான் வைக்கவில்லை. கவிதாவும் வைக்கவில்லை. இரண்டு பேரும் அடுப்படியைப் பார்த்தோம்.

"என்னடி பாக்குற?" என்றாள் பாண்டியம்மாள். "அடை வச்சா இரும்பு போடணும். இடி இடிச்சா முட்டை கலங்கிப் போகும். கோழிக்குக் கீழயும் போட்டிருந்தேன். பெட்டி செஞ்ச பெரிய மனுசருக்கு இது தெரியாதான்னு கேளு."

"அதுக்கு அஞ்சு கிலோவாம்மா?"

"இந்த வீட்டுல சின்ன இரும்பு எது இருக்கு? கைக்குக் கிடைச்சது அதுதான். மூணாம் நாள் வச்சேன்."

மூன்றாம் நாள். டிக் சத்தம் நின்ற மதியம்.

கவிதா எழுந்து குதித்தாள். "அப்பா! பல்புச் சூட்டை இந்தக் கல்லுதான் குடிச்சிருக்கு. அஞ்சு நாளாக் குடிச்சு வச்சிருக்கு. இப்ப வெளிய விடுது. அதான் ஆறல! இதைச் சூடு பண்ணிப் பண்ணி..."

அவள் முடிக்கவில்லை. பாண்டியம்மாள் அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளினாள். பெரிய குண்டானில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினாள்.

"இன்னொரு கல்லு எடுத்துட்டு வரச் சொல்லு உங்க அப்பாவை. நின்னுக்கிட்டே இருக்காரு."

கவிதா சொல்லும் வரை நான் நிற்கவில்லை. மழையில் ஓடினேன்.

ஒரு கல் பெட்டியில். ஒரு கல் வெந்நீரில். வெந்நீரிலிருந்து எடுத்ததும் பாண்டியம்மாள் வேட்டித் துணியில் சுற்றிக் கன்னத்துக்குக் கிட்டே கொண்டுபோவாள். "சுடுது, பொறு" என்பாள் கவிதாவிடம். கொஞ்சம் கழித்து, "இப்ப வை." குழாய் காட்டுவதற்கு முன்னால் அவள் கன்னம் சொல்லிவிடும். கவிதா உதறி வைத்துப் பார்ப்பாள். நூறு. மறுபடி பார்ப்பாள். தொண்ணூற்றொன்பது. கல் மாறும்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை. எத்தனை தடவை மாற்றினோம் என்று எண்ணவில்லை. அவரைக்காய் நறுக்கியபடி அப்படியே கிடந்தது. முட்டைகளைத் திருப்பும் நேரம் வந்தபோது மூன்று பேர் கையும் ஒரே நேரத்தில் பெட்டிக்குள் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பல்பு எரிந்தது. மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

டிக்.

பாண்டியம்மாள் எழுந்து அவரைக்காயை எடுத்தாள். "கேட்டுச்சாடி?" என்றாள் மகளிடம்.

ஒரு நாள் பொறு

கோழிக்கு இருபத்தொரு நாள் கணக்கு. அந்த இருபத்தொன்று வந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

முருகேசன் வந்தான். கையில் வெங்காயப் பை. "மச்சான், இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. முட்டை மசாலா போட்டுரலாம்."

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். பாண்டியம்மாள்தான் திரும்பினாள்.

"வாயை மூடுறா. மழையில ஒரு பகல் பூரா கல்லு மாத்திக் காப்பாத்தியிருக்கோம். ஏற இறங்கத்தான் இருந்திருக்கும். அதுக்கு ஒரு நாள் தள்ளிப் போகாதா? நீ பொறந்ததே பத்து நாள் தள்ளித்தான்."

காப்பாத்தியிருக்கோம் என்றாள். அதில் நானும் இருந்தேன். எனக்கு அன்றைக்கு அது போதும்.

இருபத்திரண்டாம் நாள் காலை. பெட்டியிலிருந்து டிக் கேட்டது. உடனே இன்னொரு சத்தம். டிக் இல்லை. அதைவிட மெல்லியது. கிச்.

கண்ணாடி ஜன்னலில் மூன்று தலையும் முட்டிக்கொண்டன. பெருக்கல் குறி போட்ட ஒரு முட்டையில் நட்சத்திரம் போல் ஒரு வெடிப்பு. அதிலிருந்து ஒரு மூக்கு நுனி. போகும், வரும். நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்கப்பா. அதுவா வரணும்."

வந்தது. ஓட்டைச் சுற்றி உடைத்துக்கொண்டு, நனைந்து, தலை தூக்க முடியாமல், கறுப்பாக ஒன்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பஞ்சாகிவிட்டது. அடுத்தது செவலை. அம்மா நிறம். மதியத்துக்குள் ஐந்து. சாயங்காலத்துக்குள் எட்டு.

ஒன்று வரவில்லை. அதைக் கொல்லை முருங்கையடியில் புதைத்தோம். கோழியையும் அங்கேதான் புதைத்திருந்தோம். அதைக் குழம்பு வைக்க யாருக்கும் மனம் வந்திருக்கவில்லை.

எட்டு வந்தது. எழுதும்போதும் நெஞ்சு நிமிர்கிறது. மீன் பெட்டி, உடைந்த கண்ணாடி, செத்துப்போன இஸ்திரிப்பெட்டி, ஃபேன் கூண்டு, வேலை போன எடைக்கல். ஊரார் வேண்டாம் என்று தூக்கிப் போட்டவை. எட்டு உயிர் வந்தது.

தெரு முழுக்க வந்து பார்த்தது. கவிதாவின் விஞ்ஞான டீச்சரும் வந்தார். பெட்டியைச் சுற்றி வந்து, தகட்டைப் பார்த்து, கல்லைப் பார்த்து, "யாரு செஞ்சது?" என்று கேட்டார். மகள் தன் பெயரைச் சொல்ல வேண்டிய இடம். அவள்தான் செய்தாள்.

"மூணு பேரும் சேர்ந்து டீச்சர். கல்லு எங்க அம்மா."

பாண்டியம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காபியோடு திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று. காபி போட அவ்வளவு நேரம் ஆகாது.

மறுநாள் மூவரும் பரோட்டாக் கடைக்குப் போனோம். முருகேசன் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். மாவைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தான். கவிதா கடை முன்னால் போய் நின்றாள்.

"மாமா."

"சாப்பிடுங்க முதல்ல. ஆளுக்கு ரெண்டு பரோட்டா..."

"மூணு தடவை மாமா."

வாசலுக்கு வந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். இடுப்பில் கை வைத்துக் கொக்கரித்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். இரண்டாவது தடவை சத்தமாகவே கொக்கரித்தான். மூன்றாவதற்கு அவனுக்கே பிடித்துப்போய் இறக்கையும் அடித்தான். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், "அண்ணே, எனக்கு ஒரு முட்டை" என்றார். கடையே சிரித்தது. பாண்டியம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டாள்.

கதவு

அன்று வீட்டுக்கு வந்ததும் குஞ்சுகளுக்கு நொய் போட்டாள். எட்டும் அவள் காலைச் சுற்றின. கவிதா உடை மாற்றப் போயிருந்தாள். செய்தி சொல்ல ஆள் இல்லை.

பாண்டியம்மாள் குஞ்சுகளைப் பார்த்தபடியே கேட்டாள்:

"கூட்டுக்குக் கதவு எப்ப போடப் போறீக?"

பதிமூன்று நாள் கழித்து என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

நான் கடைக்குப் போனேன். பழைய ஃபிரிட்ஜ் கூடுகளுக்குப் பின்னால் வைத்திருந்ததை வெளியே இழுத்தேன். கதவு. கோழி செத்த மறுநாளே செய்து முடித்துவிட்டேன். இடித்த வீட்டு ஜன்னல் கம்பி, இரண்டு அடுக்கு வலை, கீரி நகம் நுழையாத அடிச்சட்டம். மாட்டத்தான் முகம் இல்லை. கோழி இல்லாத கூட்டுக்குக் கதவு மாட்டி அவள் முன்னால் நிற்க என்னால் முடியவில்லை.

தூக்கிக்கொண்டு வந்து மாட்டினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். வலையை விரலால் அழுத்தினாள். அடிச்சட்டத்தைக் காலால் தட்டினாள். பிறகு திறந்து மூடினாள்.

கீச்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தோம். நான் எண்ணெய்க் குப்பி எங்கே என்று திரும்பினேன்.

"எங்க போறீக?"

"எண்ணெய் எடுக்க."

"ஒண்ணும் வேணாம். கத்திட்டுப் போகட்டும். எண்ணெய் போடுறேன்னு மறுபடி கழட்டிறாதீக."

கழற்றவில்லை. அந்த எட்டில் ஐந்து பெட்டை. அவற்றின் பேத்திகள் இப்போது அடையில் இருக்கின்றன. கதவு இன்றைக்கும் காலையில் கீச்சென்றுதான் திறக்கிறது. அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்திருக்கிறேன்.